கரண்ட் போனதைச் சொல்லாத கணினி

இரண்டு வருடத்துக்கு முன், கத்திரி வெயில் நாட்களில் ஒரு சாயங்காலம். நாமக்கல்லுக்கு வடக்கே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையை விட்டு வெளியேறி, ராசிபுரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு தீவனச் சாக்கு. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு பழைய லேப்டாப். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். போர்வெல் லாரியில் நாலு மாநிலம் சுற்றினேன், லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடித்தேன், கடைசியில் இந்தப் பண்ணையில் தீவனம் அரைக்கும் வேலையில் நின்றேன். லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியிருந்தேன். அதில் வேறு எதுவும் ஓடாது என்பதால், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். அன்றோடு பைத்தியம் பிடித்தது. என் படங்கள், பாட்டுகள், பண்ணையின் தடுப்பூசி நாட்கள் எதுவும் யாரோ ஒரு கம்பெனியின் இடத்தில் இருக்கக் கூடாது, எல்லாம் என் அறையிலேயே ஓட வேண்டும் என்று அதற்கான மென்பொருட்களை ஒவ்வொன்றாக நிறுவினேன்.

அதில் நிம்மதி கிடைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று படுத்துக்கொள்ளும். அப்டேட் வந்தால் நேற்று ஓடியது இன்று ஓடாது. இணையத்தில் உதவி கேட்டால், கையேட்டைப் படி என்று இங்கிலீஷில் பதில் வரும். அந்தக் கையேட்டை ஒன்பதாவது இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். போதாததற்கு லேப்டாப்புக்குள் தீவனத் தூசி, வயரில் எலிப்பல்.

அப்படியும் விடாமல், கோழி ஷெட்டில் ஒரு வெப்பமானியை மாட்டி, சூடு ஏறினாலோ கரண்ட் போனாலோ என் போனுக்கும் முதலாளி போனுக்கும் செய்தி வரும்படி செய்துவிட்டேன். கோடையில் கரண்ட் போனால் கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் மோட்டார் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் கோழிகள் வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பிக்கும். அதனால் முட்டை பொறுக்கும் அக்கா ஒருவர் தினமும் மதியம் ஷெட் வாசலிலேயே காவல் இருப்பார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட ஆள் கூப்பிடுவது அவர் பொறுப்பு.

முதலாளி முன்னால் லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். அவர் போன் உடனே அடித்தது.

"அட, பரவால்லியேப்பா! இனி அந்தம்மா வெயில்ல உக்காரோணுமா?"

"வேண்டாங்ணா, இது பாத்துக்கும்" என்றேன். மறுநாளிலிருந்து அக்கா மதியத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்.

சில நாள் கழித்து, ஒரு பழைய ஹார்ட்டிஸ்க் வாங்க சேலம் போனேன். மதியம் முழுக்க போன் சத்தமே இல்லை. எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று கர்வமாகவே இருந்தது. திரும்பும் பஸ் மல்லூரைத் தாண்டும்போது போன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. கரண்ட் இல்லை. முப்பத்தொன்பது டிகிரி. நாற்பது. நாற்பத்தொன்று. ஒரு மணி நேரத்துச் செய்திகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. அது பாட்டுக்கு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்திருக்கிறது. செய்தியை வெளியே அனுப்பும் ரவுட்டரோ ஆபீஸ் சுவரில் செருகியிருந்தது. கரண்ட் போனதும் முதலில் செத்தது அதுதான். ஜெனரேட்டர் ஓடிய பிறகே அது உயிர் பெற்று, தேங்கிய செய்திகளை அனுப்பியிருக்கிறது. கரண்ட் இல்லை என்று சொல்வதற்கு, கரண்ட் இல்லாமல் ஓடாத ஒன்றை நம்பியிருக்கிறேன்! மெயின் சுவிட்சை ஒரே ஒரு தடவை இறக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று மாதம் என்னென்னவோ படித்த எனக்கு அது தோன்றவில்லை.

பண்ணைக்கு ஓடியபோது முதலாளி வந்து ஜெனரேட்டரைப் போட்டிருந்தார். அந்த அக்கா தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு கூண்டுகள்மேல் வீசியதில் சேலை முழுக்க நனைந்திருந்தது. பெரும்பாலான கோழிகள் பிழைத்ததற்கு அவர்தான் காரணம். அப்படியும் தள்ளுவண்டி நிறைய செத்துக் கிடந்தன. முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"ஊட்டுல ஃபேன் நின்னுச்சு. அதுக்கு மேல என்னத்துக்குங்க தகவலு?"

அறைக்குப் போய்ச் சாக்கைக் கட்டினேன்.

சாலையில் ஒரு மைல் போயிருப்பேன். பின்னால் மொபெட் சத்தம். அதே அக்கா.

"ஏனுங் தம்பி, சாக்கத் தூக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

"போறேங்க்கா. என்னாலதான இவ்வளவும் ஆச்சு."

"ஆச்சுல்ல, அப்பறம் போனா எப்படி? வெயிலடிச்ச கோழி காத்தால வரைக்கும் சாவுமுங்க. நான் முட்டையப் பொறுக்குவனா, குழி வெட்டுவனா? கம்ப்யூட்டரு தூக்கற கையி மம்பட்டி தூக்காதுங்களா? மொதலாளி வேற, அந்தாளு எங்கேன்னு கேட்டுட்டே இருக்கறாரு."

"எதுக்குங்க்கா? திட்டறதுக்கா?"

"பின்ன, மாலை போடவா? ஏறுங்க, பெட்ரோலு கம்மியா இருக்குது."

ஏறினேன். முதலாளி திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு ரவுட்டருக்கும் பேட்டரி வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று கணினி செய்தி அனுப்பும்படி மாற்றினேன். இப்போது செய்தி வந்தால் அல்ல, வராவிட்டால்தான் ஓடுகிறேன். அக்காவும் பழையபடி மதியம் வாசலில் உட்கார்கிறார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. மறுநாள் விடிந்ததும் என் வேலை குழி வெட்டுவதாக இருந்தது. இடுப்பளவு ஆழம் வெட்டி, ஒவ்வொரு கோழியாக எடுத்துப் போட்டு, சுண்ணாம்பு தூவி மூட மதியமாகிவிட்டது. ஒரு கருவி என்னென்ன செய்யும் என்று யாரிடம் சொன்னாலும், அது எப்போது பேசாமல் இருந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் குழிதான்.