ரதியின் புலம்பலுக்குப் பியானோ

எங்கள் மாமா வருடத்தில் பதினெட்டு ராத்திரி பெண்ணாக இருப்பார். மற்ற நேரத்தில் துரையின் பெரிய பங்களாவில் வெள்ளிக் கரண்டிகளைத் துடைப்பார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்வார் என்பதால், எது வேஷம், எது பிழைப்பு என்று ஏழு வயதில் எனக்குப் பிடிபடவில்லை. ஐம்பதை நெருங்கும் இப்போதும் அந்த விஷயத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை.

மாசி மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்ததும் கம்பம் ஊன்றுவார்கள். சிவனுடைய தவத்தைக் காமன் கலைப்பான். சிவன் அவனை எரிப்பார். மனைவி ரதி புலம்புவாள். மூன்றாம் நாள் காமன் எழுந்து வருவான். அந்த ரதிதான் என் மாமா. புலம்பலில் அவரை மிஞ்ச பெரகல வரைக்கும் ஆள் கிடையாது என்று சொல்வார்கள். பெரகலவுக்கு அப்பால் யாரும் போய் விசாரித்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடம் தோட்டத்தை நடத்த வந்த வெள்ளைக்காரத் துரை புதிது. ஆட்களுக்குத் தலைவரான கங்காணி போய் லீவு கேட்டபோது கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, எரிப்பதற்கு ஒரு நாள் தருகிறேன், எழுப்புவதற்கு இன்னொரு நாள் எதற்கு, கொழுந்து முற்றிப்போகும் என்று சொல்லிவிட்டார். கணக்குப்படி பார்த்தால் நியாயம்தான். ஆனால் கம்பம் ஊன்றியாகிவிட்டது. பாதியில் பிடுங்க முடியாது. எரிந்த காமன் அடுத்த மாசிவரை எரிந்தபடியே கிடக்க வேண்டியதுதான். அப்படிக் கிடந்தால் எங்கள் லயத்து வீடுகளில் ஒரு வருடத்துக்குத் தொட்டில் ஆடாது என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அத்தைக்கு அப்போது ஆறு மாதம். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"வருஷம் முச்சூடும் நான் தாலியறுத்தவளா நிக்கணுமா?" என்று கங்காணியிடம் சண்டைக்கே போனார். கங்காணி அவருடைய மீசையைப் பார்த்துவிட்டு வெற்றிலையை மடித்தார்.

எனக்குக் காலில் முள் குத்திப் புண்ணாகியிருந்ததால், அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது என்னைப் பங்களாச் சமையலறையில் மாமாவிடம் விட்டுப் போவாள். மத்தியானம் ஆனால் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வரும். ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலிகளைத் தடவிவிட்டு, யாரையும் கேட்காமல் வெளியே போகும். அந்த நேரத்தில்தான் துரையின் மனைவி, துரைசாணி, பியானோ வாசிப்பார். பதினாறு பேர் தோளில் மலையேறி வந்த பெட்டி அது. வழியில் மழை குடித்ததில் நாலைந்து கட்டைகள் ஊமை. மிச்சம் இருந்தவை மேகத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கும்.

அவர் வாசித்தது எப்போதும் ஒரே பாட்டு. மெல்ல ஆடி ஆடிப் போகும். போய்க்கொண்டே இருக்கும்போது ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும். தினமும் அதே இடம். பிறகு மூடியைச் சத்தமில்லாமல் மூடுவார். மிச்சப் பாட்டு எங்கே போயிற்று என்று நான் சமையலறைத் தரையில் படுத்துத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பியானோ நின்ற அந்த இடத்தில், கரண்டி துடைத்துக்கொண்டிருந்த மாமா தன்னை மறந்து ரதியின் புலம்பலை எடுத்துவிட்டார்.

"சாம்பலிலே கைய வச்சேன், சூடு இன்னும் ஆறலியே,
எந்திரிச்சு வாராம என்ன தூக்கம், எஞ்சாமி."

வாசலில் துரைசாணி நின்றிருந்தார். மாமா கையிலிருந்த கரண்டி விழுந்தது. வேலை போயிற்று என்று நானும் முடிவு கட்டி, அம்மாவிடம் யார் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

"பாடு," என்றார் துரைசாணி. ஏவுவதற்கென்றே கற்ற தமிழ் அவருடையது. அதில் அன்பாகக் கேட்பதற்கு வேறு சொல் இல்லை.

அதற்குப் பிறகு நாலைந்து மத்தியானங்கள் அந்த இரண்டு பாட்டுகளையும் ஒன்றாகக் கட்டும் வேலை நடந்தது. சுலபமாக இல்லை. துரைசாணியின் பாட்டு மூன்று மூன்றாக எண்ணி நடந்தது. மாமாவின் பாட்டுக்கு எண்ணிக்கை கிடையாது; மூச்சு உள்ளமட்டும் போகும். அவர் குரலை வளைத்து இறக்கும் இடத்துக்குப் பெட்டியில் கட்டையே இல்லை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒன்று வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று மாமா வெள்ளைக்காரன் வேலையைக் குறை சொன்னார். தாளத்துக்கு நான் பிஸ்கட் டப்பா தட்டினேன். இரண்டாம் நாள் டப்பா மரியாதையாக என்னிடமிருந்து வாங்கப்பட்டு, பதிலுக்கு ஒரு பிஸ்கட் தரப்பட்டது. என் சங்கீத வாழ்க்கையில் கிடைத்த சன்மானம் அது ஒன்றுதான்.

மெல்ல மெல்ல வழி பிறந்தது. மாமா மூச்சு வாங்கும்வரை துரைசாணியின் விரல்கள் கட்டைமேல் காத்திருந்தன. அவர் வாசிப்பு ஆடி வரும் பக்கம் பார்த்து மாமா தன் புலம்பலைச் சாய்த்துக் கொடுத்தார். கடைசி நாள், பியானோ வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. மாமா நிறுத்தாமல் மேலே போனார். கொஞ்ச நேரம் அவர் குரல் மட்டும் மேகத்தில் தனியாக நின்றது. பிறகு பியானோ அதன் பின்னால் வந்தது. அத்தனை நாள் நான் தரையில் தேடிய மிச்சப் பாட்டை அன்றுதான் கேட்டேன்.

முடிந்ததும் துரைசாணி கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பொம்பிளை ஏன் அழுகிறாள் என்று கேட்டார். மாமா கதையைச் சொன்னார்.

"அந்த ஆள் எந்திரிக்குமா?"

"எந்திரிப்பாருங்க, தொரசாணி. மூணாம் நாள் எந்திரிப்பாரு. தொர ஒரு நாள் லீவு குடுக்கணும், அவ்வளவுதாங்க."

துரைசாணி ஜன்னல் பக்கம் திரும்பினார். பார்ப்பதற்கு அங்கே மேகத்தின் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஒரு நாள் போதும்?"

"போதுங்க."

மறுநாள் காலை, ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டில் கங்காணி லீவை அறிவித்தார். காமன் ஒழுங்காக எரிந்து, ஒழுங்காக எழுந்தான். அத்தைக்கு வைகாசி கடைசியில் பையன் பிறந்தான்.

பசறைப் பக்கம் முன்பு அவர்கள் இருந்த தோட்டத்தில், இரண்டு வயதுப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர் துரைசாணி என்று அம்மா எனக்குச் சொன்னது நான் பெரியவளான பிறகு. அந்தப் பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைக்கப் பாடிய பாட்டாம் அது. எந்த இடத்தில் அவன் கண்ணயர்வானோ, அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வாராம்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. லயத்துக்கு இறங்கும் வழி நெடுக மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். துரைசாணியே வாய் திறந்து போதுமா என்று கேட்கும்போது, இரண்டு நாளாகக் கேட்டிருக்கக் கூடாதா என்று.