காயில்கடை சண்முகம் ஒட்டிய சீட்டுகள்

“சார், அந்தப் புத்தகம் ஒங்களுக்கு நெசமாவே பிடிச்சிருந்துச்சா?”

நம் படிப்பகத்தின் புரவலர் எழுதிய பயண நூலை மேடையில் புகழ்ந்துவிட்டு இறங்கியபோது சண்முகம் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் அதில் நாற்பது பக்கம்கூடத் தாண்டியிருக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை, கீரமங்கலம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சண்முகத்தின் மகள் போனில், “அப்பா போயிட்டாங்க சார்” என்றாள். பையை அங்கேயே வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்தக் கேள்விதான் கூட வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்து மோட்டார் எரிந்துபோனால் அதற்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருவது அவர் தொழில். படிப்பது அவர் பழக்கம். படிப்பகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தாலும், காயிலுக்கு இடையில் செருகும் கெட்டித் தாளில் ஒரு துண்டு வெட்டி, மனதில் பட்டதை எழுதி, கடைசி அட்டைக்குள் ஒட்டிவிடுவார். “சாதாத் தாளு கிழிஞ்சிரும் சார். இது மோட்டாரு சூட்டையே தாங்கும்” என்பார்.

முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. ஒரு காதல் நாவலில் அவர் எழுதியது: “இவள் இருபது பக்கம் அழுகிறாள். அதற்குள் ஆவுடையார்கோவில் பஸ் இரண்டு போயிருக்கும். ஒன்றில் ஏறியிருக்கலாம்.” தென்னை நோய்கள் பற்றிய கையேட்டில்: “எழுதியவர் மரம் ஏறிப் பார்த்திருக்கிறார். நம்பலாம்.” சுயமுன்னேற்ற நூல் ஒன்றில்: “விடியுமுன் எழச் சொன்னார். எழுந்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.” சிறுவர் கதையில்: “நரிக்குத் தண்டனை அதிகம்.”

கவிதைத் தொகுப்பு ஒன்றில் மட்டும் சீட்டு சற்று நீளம். “மூன்று முறை படித்தும் புரியவில்லை. நான்காம் முறை செத்துப்போன தம்பி ஞாபகம் வந்தான். இதை யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.” அந்தச் சீட்டைப் படித்த பிறகுதான் நானே அந்தத் தொகுப்பை எடுத்தேன்.

புரவலரின் பயண நூலில் அவர் ஒட்டியது: “போன ஊரிலெல்லாம் சாப்பிட்டிருக்கிறார். யாரிடமும் பேசவில்லை.” புரவலருக்குக் கோபம் வந்தது. படிப்பகச் செயலாளர், சண்முகத்தைப் பார்க்கப் போனார்.

“கட்டடமே அவரு குடுத்தது. கிழிச்சிருங்கண்ணே, சோலி முடிஞ்சிரும்.”

“அவரு எழுதுனத நான் கிழிச்சேனாய்யா? நான் எழுதுனத மட்டும் அவரு எதுக்குக் கிழிக்கச் சொல்லணும்?”

“நீங்க காயில் கட்டுறவரு. ஒங்களுக்கு எதுக்குண்ணே இந்த விமர்சனமெல்லாம்?”

“மோட்டாரு ஓடலைன்னா நீங்க சொல்றீங்கள்ல. நீங்க என்ன காயிலா கட்டுறீங்க?”

செயலாளரே சிரித்துவிட்டார். சீட்டு தப்பியது.

இப்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அஞ்சலிக் கூட்டம். சண்முகத்தின் படத்தைப் புரவலர் திறந்து வைக்கிறாராம். அதற்குள் எல்லாச் சீட்டுகளையும் ஈரத்துணி வைத்து உரித்துவிட வேண்டுமாம். “புத்தகம் சுத்தமா இருக்கணும் சார், நீங்கதான் முன்ன நின்னு செய்யணும்” என்று படிப்பக நிர்வாகிகள் என்னிடமே வந்து சொன்னார்கள். மனிதரின் படத்தை மாட்டிவிட்டு, அவர் சொன்னதை உரித்தெடுப்பதா? முடியாது என்றேன். அன்று அந்த நூலை நான் முழுதாகப் படிக்காமலே புகழ்ந்தேன் என்பதையும் சொன்னேன். இப்போது படித்துவிட்டேன், சண்முகம் எழுதியது சரிதான். அவர் சீட்டுக்குக் கீழே அதை இன்னொரு சீட்டில் எழுதி ஒட்டி, என் பெயரையும் போட்டிருக்கிறேன். உரிப்பதென்றால் இரண்டையும் உரியுங்கள். உரித்த பிறகும், ஒட்டியிருந்த அத்தனையையும் கூட்டத்தில் எழுந்து மனப்பாடமாகச் சொல்வேன். என்னை உட்கார வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் துணிச்சலைத்தான். எனக்கு அது தாமதமாக வந்திருக்கிறது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம். அடுத்த புத்தகத்தை முடித்ததும், யார் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், உங்களுக்குப் பட்டதை ஒரே வரியில் எழுதி, அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள்.