அக்கா பேசாத பேச்சு

எங்கள் கிடங்கில் ரேடியோ என்றால் என் கணவரின் அக்காதான். லாரி ஓட்டுநர்கள் வைத்த பெயர். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தால் சாயங்காலம் கதவு சாத்தும்வரை அந்தக் குரல் ஓயாது. "தம்பி, கிளம்பிட்டியா? பாலம் பக்கம் போகாதே, ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்." எதிர் மேசையில் நான் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவேன். எனக்குப் பேச்சு வராது. காது மட்டும் நன்றாக வேலை செய்யும். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அங்கேயும் அப்படித்தான். அக்கா பேசுவார், நான் பாத்திரம் துலக்குவேன். "உனக்கும் சேத்து நானே பேசிடறேன். உனக்கு எதுக்குடி வாய்?" என்பார்.

அக்கா அங்கே கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தார். ஒரு நாள் ஆபீசில் ஆள் இல்லாத நேரம் போன் விடாமல் அடித்தது. துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு எடுத்துப் பேசினார். வழி தெரியாமல் நின்ற லாரி ஊர் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு அந்தப் போனை அவர் கையிலிருந்து யாரும் திருப்பி வாங்கவில்லை.

அது குளிர்பதனக் கிடங்கு. பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் இங்கே வந்து இறங்கி, ஊர்க் கடைகளுக்கெல்லாம் போகும். எந்தக் கடைக்கு எவ்வளவு, எந்த லாரியில், எந்த ரோட்டில் என்று பிரித்து அனுப்புவது அக்காவின் வேலை. அதில் சரக்குக் கணக்கு மட்டும் இருக்காது. சண்டைக்காரக் கடைக்காரரிடம் வாய்த்துடுக்கான ஓட்டுநரை அனுப்ப மாட்டார். ஆஸ்பத்திரி ரோட்டுக் கடைகளை மீசைக்கே கொடுப்பார்.

மீசை என்ற ஓட்டுநர் மீசையை மழித்து வருஷக்கணக்காகிறது. பெயர் மட்டும் விழவில்லை. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தால் கண்ணை இருட்டும், தனியாகப் பஸ் ஏற முடியாது. அந்த நாட்களில் மீசை அந்தப் பக்கத்துக் கடைகளில் சரக்கை இறக்கிவிட்டு, மனைவியை லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்து வீட்டு முனையில் இறக்கிவிடுவார். வண்டியில் வெளியாளை ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. கிடங்கில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். யாரும் மூச்சு விட்டதில்லை.

போன வருஷம் மேலிடத்திலிருந்து செயற்கை நுண்ணறிவு வந்தது. அக்கா மேசையில் ஒரு திரையும் மைக்கும் வைத்தார்கள். மானேஜர் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"இது உங்களுக்கு ஒத்தாசைக்குக்கா. நீங்க எப்படி முடிவெடுக்கறீங்கன்னு பக்கத்துல இருந்து கத்துக்கும். அவ்வளவுதான்."

"கத்துக்கிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிடாதே?"

"ஐயோ, உங்க சீட்ல வேற யாரு உக்கார முடியும்? எங்கம்மா மேல சத்தியம்."

அக்கா மைக்கைத் தட்டி, "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்றார். கிடங்கே சிரித்தது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் மாப்பிள்ளை.

அக்கா ஒரு லாரியை ஒரு ரோட்டுக்கு ஒதுக்கியதும் திரையில் 'ஏன்?' என்று கேள்வி வரும். அவர் மைக்கில் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லுவார். "அவன் பொண்டாட்டியை வீட்டுல விடணும் மாப்பிள்ளை. பாவம், அவளால நிக்கக்கூட முடியாது."

வீட்டில் நான் மெல்லக் கேட்டேன். "அதையெல்லாம் எதுக்குக்கா சொல்றீங்க?"

"காரணத்தை மறைச்சா அது எப்படிடி கத்துக்கும்? மானேஜர் சத்தியம் பண்ணியிருக்கான்."

சும்மா சொல்லக் கூடாது, மாப்பிள்ளை கெட்டிக்காரன்தான். மழைக்கு முன்பே ஐஸ்கிரீமைக் குறைக்கச் சொன்னது. தயிர் புளித்துத் திரும்பி வருவது நின்றது. "நான் வளத்த மாப்பிள்ளையாக்கும்" என்று அக்காவே பெருமை பேசினார்.

பிறகு ஒரு நாள் காலை மானேஜர், "இன்னிக்கு நீங்க ஓய்வா இருங்கக்கா, அதுவே பாத்துக்கட்டும்" என்றார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மீசையின் லாரி உள்ளே வந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா எழுந்து முற்றத்துக்குப் போனார். ஸ்டிக்கர் உருளையோடு நானும் பின்னால் போனேன்.

"என்ன தம்பி, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"காலையில போன்ல பேசினீங்களே, அது போதும்."

"நான் எங்கடா பேசினேன்?"

"'ஆஸ்பத்திரி ரோடு இனிமே உனக்கு இல்ல தம்பி, பொண்டாட்டியை வண்டியில ஏத்தினா வேலை போயிடும்'னு சொன்னது யாரு? மானேஜர் சொல்லியிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். நீங்க சொல்லலாமாக்கா? அவ ஆஸ்பத்திரி வாசல்ல மயங்கி உக்காந்துட்டா. யாரோ பாத்து டாக்ஸியில ஏத்தி விட்டிருக்காங்க."

"சத்தியமா நான் பேசலடா."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா? நீங்க தும்மினாக்கூடக் கண்டுபிடிப்பேன்."

அப்போது மீசையின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, வந்துட்டியா? கடைசிக் கதவுல சரக்கு ரெடி."

அக்காவின் குரல். 'தம்பி'யைக் கொஞ்சம் இழுக்கும் அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது. அக்கா வாய் மூடியிருந்தது. அவர் கை தானாகப் போய்த் தொண்டையைத் தொட்டது. மீசை போனைப் பார்த்தார், அக்காவின் வாயைப் பார்த்தார்.

"தம்பி, கேக்குதா?" என்றது போன்.

மீசை போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். "சரி, நீங்க பேசலை. என் வீட்டு விஷயத்தை இதுக்கு யாருக்கா சொன்னது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மீசை கையை எடுத்தார். "வரேன்க்கா" என்று போனிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அக்கா நேரே மானேஜர் அறைக்குப் போனார். அவர் எழுந்துகூட நிற்கவில்லை. "மாப்பிள்ளைக்கு வேற குரல் வச்சா டிரைவருங்க மதிக்க மாட்டாங்கக்கா. உங்க குரல்னா கேப்பாங்க. உங்களை யாரும் வேலையை விட்டு அனுப்பலையே? நான் சத்தியத்தை மீறலை."

அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். திரும்பப் போகவில்லை.

இப்போது டயாலிசிஸ் நாட்களில் அக்கா ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, மீசையின் மனைவியைப் பஸ்ஸில் கூட்டிப் போய் வீட்டில் விடுகிறார். முதல் நாள் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அப்புறம் தோளில் சாய்ந்துகொண்டாராம். மீசைக்கு இது தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கிடங்கில் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். சரக்கு ஏற்றும் கதவுகளில் ஓட்டுநர்களின் போன்களிலிருந்து அக்கா நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் சத்தமே இல்லை. நான் பாத்திரங்களோடு உட்காரும்போது மட்டும் அக்கா பக்கத்தில் வந்து நிற்பார்.

"இன்னிக்கு நான் மீசைகிட்ட என்ன சொன்னேன்?"

"கடைசிக் கதவுக்கு வரச் சொன்னீங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"'சரிக்கா'ன்னார்."

நேற்றும் அதே கேள்விதான், அதே பதில்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் துலக்கத் தொடங்கினார்.