பாய்லருக்குப் பின்னால் பத்தொன்பது மைல்

காலை ஆறு மணிக்கு ஆவடியை விட்டுக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் பத்தொன்பது மைல். இந்தத் தூரத்துக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், ஏழு டன் பாய்லருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து நடை வேகத்தில் ஒரு தடவை போய்விட்டு வந்து கேட்கட்டும்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தில் பீரங்கி இழுத்த டீசல் லாரி அது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். யுத்தம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நெல் மில் வைத்திருக்கும் ஒருவர் அதை எடுத்தார். கூடவே ஒரு பழைய பாய்லரையும் எடுத்தார். லாரியை மில்லுக்குத் தோதாக மாற்றி, பாய்லரை அதிலேயே இழுத்து வந்து சேர்க்க வேண்டியது பிட்டராகிய என் பொறுப்பு. சிப்பாய்கள் உட்கார்ந்த பெஞ்சுகளைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரங்களுக்கு மேல் ரயில் தண்டவாளத் துண்டுகளை அடுக்கினேன். மேலே பாரம் இல்லாவிட்டால் இழுக்கும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பாரம் தாங்கும் பட்டை வில்லில் இரண்டு பட்டை கூட்டினேன். பீரங்கி மாட்டிய கொக்கி பாய்லருக்குத் தாங்காது என்று அதன் முதுகில் இன்னொரு இரும்புத் தகடு அறைந்தேன். இன்ஜின் சூடானால் வழியில் தண்ணீருக்கு அலைய வேண்டாமே என்று ஒரு தண்ணீர் ட்ரம்மும் மாட்டினேன். அந்த ட்ரம் எனக்கே வினையாக வந்ததைப் பிறகு சொல்கிறேன்.

டிரைவர் கோதண்டம், காட்டுப்பாக்கத்துக்காரர், யுத்தத்தில் இதே மாதிரி வண்டி ஓட்டியவர். அவர் முன்னால் லாரியில். நான் நாற்பதடி பின்னால், பாய்லரை ஏற்றிய டிரெய்லரின் வாலில் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றின் இரு முனையிலும் மணி. ஒரு இழுப்பு என்றால் எல்லாம் சரி, போகலாம். இரண்டு இழுப்பு என்றால் நிறுத்து. வண்டி ஓடும் நேரமெல்லாம் மனிதர்களோடு எனக்கு இருந்த பேச்சு அவ்வளவுதான். அது எனக்குப் புதிதல்ல. அம்பத்தூரில் என் வீட்டில் நாலு வருஷமாக அந்த மணிகூடக் கிடையாது.

பட்டணத்தில் குண்டு விழும் என்று எல்லாரும் ஊரைக் காலி செய்த சமயத்தில், என் மனைவி பச்சையம்மாள் என் வேட்டிகள் இரண்டில் தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு திருமழிசையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். நான் வேலை பார்க்கும் ஷெட்டிலிருந்து வந்து பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. சொல்லாமல் போனவள் தானாக வரட்டும் என்று வீம்பு பிடித்தேன். அப்புறம் அவள் அப்பா இறந்த செய்தி வந்தது. அன்று வேலை நெருக்கடி. லீவு கேட்க வாய் வரவில்லை. மாமனார் சாவுக்குப் போகாதவன் பிறகு எந்த முகத்தோடு போவது? அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இந்தப் பயணத்துக்கு நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், ஸ்ரீபெரும்புதூர் ரோடு அவள் வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்பதுதான். "வீட்டுக்கு வா" என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. ஆவடியிலிருந்து அதைத்தான் பிரேக் சக்கரத்தோடு சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன்.

ஏழே கால். பருத்திப்பட்டு தாண்டிக் கூவத்தில் இறங்கினோம். தண்ணீர் கணுக்கால் அளவு, மீதியெல்லாம் மணல். கோதண்டம் முன் சக்கர லீவரைப் போட்டார். லாரி உறுமிக்கொண்டு மணலைக் கடித்து ஏறியது. பாய்லர் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் கையசைத்தேன். யாரும் திருப்பி அசைக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பூந்தமல்லி. ஆவடியிலிருந்து ஆறு மைல். இட்லி ஒன்று அரையணா, சட்னியில் உப்பு அதிகம். கை கழுவும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"அண்ணாத்தே, திருமழிசையில கொஞ்சம் நிறுத்தி தண்ணி ஊத்திக்கலாமா?"

"தண்ணி இன்னாத்துக்கு நைனா? நீதான ட்ரம்மு மாட்டிகீற. ஸ்ரீபெரும்புதூர் வரிக்கும் தாங்கும்னு நீயேதான சொன்ன?"

"சொன்னேன்."

"அப்பறம் இன்னா?"

அப்புறம் ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

பத்தே கால். திருமழிசை, இன்னொரு மூன்று மைல். வயல்கள் முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில், ரோட்டோரமாக ஒரு புளியமரம். அதற்கு அடுத்தது பச்சையம்மாளின் தாய்வீடு, இப்போது என் மைத்துனன் வீடு. கூரை புதிதாக வேய்ந்திருந்தது. லாரி அந்த வீட்டைத் தாண்டியது. பாய்லரும் பாதி தாண்டிவிட்டது. கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன்.

வண்டி நின்றது. கோதண்டம் இறங்கிப் பின்னால் வந்தார். "இன்னா ஆச்சு?"

"இன்ஜின் சத்தம் மாறுது."

"எனுக்கு ஒண்ணும் கேக்கலியே."

"எனக்குக் கேட்டுது."

பாய்லருக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு இன்ஜின் சத்தம் எப்படிக் கேட்கும் என்று அவர் கேட்கவில்லை. பார்வையில் மட்டும் கேட்டார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்று டீசல் வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே கன்னங்கரேலென்று சேறு, துரு. துணிப்பை அடைத்துக் கிழிந்தே போயிருந்தது.

"காலையில கடைசி ரெண்டு டின் டீசலை வடிகட்டாமயா ஊத்தின?"

கோதண்டம் புளியமரத்தைப் பார்த்தார். "நேரமாவுதேன்னு..."

இன்னும் இரண்டு மைல் போயிருந்தால் வண்டி தானாகவே நின்றிருக்கும். ஆனால் அங்கே பச்சையம்மாள் வீடு இருந்திருக்காது.

அவள் ஒரு தவலையில் தண்ணீரோடு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். லாரியைப் பார்த்தாள், முழங்கை வரை கரியோடு நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு கோதண்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணே, தண்ணி வேணுமான்னு கேளுங்க."

நான் மூன்று அடி தள்ளித்தான் நின்றேன். கோதண்டம் அப்படியே என் பக்கம் திரும்பினார். "தண்ணி வேணுமானு கேக்குது நைனா."

"வேணும்னு சொல்லு."

"வேணுமாம்மா."

"ஆளு பாதியாப் பூட்டாரு. யாரு பொங்கிப் போடறாங்கன்னு கேளுங்க."

இப்போது கோதண்டத்துக்குக் குழப்பம். "ஏம்மா, உனுக்கு வேண்டியவரா?" அவள் தவலையைக் கீழே வைத்தாள்.

"நானேதான் பொங்கிக்கறேன்னு சொல்லு," என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. ஆனால் நடுவில் ஒரு மனிதரை நிறுத்தி வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கோதண்டம் அதையும் "வூட்டுக்கு வரணுமாம்மா" என்று சொல்லி ஒப்பிப்பார். என் வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது.

"வடிகட்டற துணி கிழிஞ்சிடுச்சு. பழைய வேட்டி இருந்தா ஒண்ணு குடுக்கச் சொல்லு. நல்லாத் தோய்ச்சதா இருக்கணும். புதுத்துணி நூல் விடும்."

நாலு வருஷத்துக்குப் பிறகு மனைவியிடம் நான் கேட்டது இதுதான். அவள் உள்ளே போனாள். வர வெகுநேரமாயிற்று. நான் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி முடித்து, இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தபோது வந்து, கோதண்டத்தின் கையில் ஒரு வேட்டியைக் கொடுத்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேட்டியைப் பிரித்தேன். வெள்ளையாக, நான்காக மடித்து, கற்பூர வாசனையோடு இருந்தது. ஓரத்தில் சேங்கொட்டை மையில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும். அம்பத்தூர்ச் சலவைக்காரர் எங்கள் வீட்டுத் துணிக்குப் போடும் குறி அது. மூட்டை கட்டிப் போன வேட்டி. நாலு வருஷம் துவைத்து மடித்து வைத்திருந்தவள் இன்று எண்ணெய் வடிகட்டக் கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. கரிக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

குறி இல்லாத பாதியைக் கிழித்து, நான்காக மடித்து, வடிகட்டிக்குள் கட்டினேன். டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் இன்ஜின் பிடிக்காது; திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி வருவது நிற்கும்வரை காற்றெடுத்தேன். மீதிப் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு டிரெய்லரில் ஏறினேன். அவள் கதவோரமாக நின்றிருந்தாள். முன்னாலிருந்து மணி ஒரு தடவை அடித்தது: எல்லாம் சரியா? கயிற்றைப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு தடவை இழுத்தேன்.

மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூர். வழியில் வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. மில்காரர் பாய்லருக்குக் கற்பூரம் காட்டினார். "வண்டி நல்லா கீதே" என்று சந்தோஷப்பட்டார். நல்லாத்தான் இருந்தது.

ஐந்து மணிக்குத் திரும்பிப் போக, கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் கோதண்டமும் நானும் ஏறினோம். திருமழிசை வந்தபோது முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். புளியமரம் போனது தெரிந்தது. எதற்காக இறங்குவது? கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டாள் என்றுதான் தோன்றியது.

ஆறே கால், பூந்தமல்லி. டீ குடித்தோம். கோதண்டம் கை துடைக்க என் தோளிலிருந்த துணியை இழுத்தவர், இழுத்த கையோடு நின்றார்.

"ஆங், சொல்ல மறந்தே பூட்டேன் நைனா. அந்தம்மா ஒண்ணு சொல்லிச்சு. இதே மாரி இன்னொரு வேட்டி ஊட்ல கீதாம். ஆனா அத்த யார் கையிலயும் குடுத்து அனுப்ப மாட்டாங்களாம். வேணும்னா ஆளே வந்துதான் வாங்கிக்கணுமாம்."

"எப்பச் சொன்னா?"

"நீ இன்ஜின்ல தலைய வுட்டுகினு இருந்தியே, அப்ப. பழைய வேட்டி ஒண்ணுக்கோசரம் இம்மாந்தூரம் யாரு போவா?"

அவர் காட்டுப்பாக்கத்துக்குக் கிழக்கே கிளம்பினார். நான் நாற்சந்தியில் நின்றேன். வடக்கே ஆவடி ஆறு மைல். பஸ் தயாராக நின்றது, அங்கிருந்து ரயில், அம்பத்தூர், பூட்டிய வீடு, காலையில் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. மேற்கே திருமழிசை மூன்று மைல். இனிப் பஸ் கிடையாது. காலையில் பாய்லரோடு, இட்லி தின்ற நேரமும் சேர்த்து, அந்த மூன்று மைலுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கை வீசி நடந்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

பாதி வேட்டியை மடித்து மீண்டும் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்தேன். இந்தத் தடவை நடுவில் நின்று எடுத்துச் சொல்லக் கோதண்டம் இருக்க மாட்டார்; நானேதான் சொல்ல வேண்டும்.