சந்தனக்காரியின் பத்தியம்

கடையில் நின்றபடியே அந்த அம்மாள் தீவனக் குச்சியைக் கடைவாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிறார். அது உடையும் ஓசையைக் காதால் அளக்கிறார். "கல்லு மாதிரி இருக்கு. பால் குடுக்கிறவ இதோட மல்லுக்கட்டணுமா?" என்று பையைத் திருப்பித் தள்ளுகிறார்.

"சாப்பிடப்போறது எலிதானேக்கா" என்கிறார் தீவனக் கடைக்காரர்.

"அதனாலதான் நான் கேக்கிறேன். எலி வந்து உங்ககிட்ட சண்டை போடாதில்ல?"

பகலில் இவருக்குத் தொழில் பல் செட் செய்வது. எதையும் கடித்துப் பார்த்தே முடிவுகட்டும் பழக்கம் அங்கிருந்து தொற்றிக்கொண்டது. மாலையானால் வீட்டின் பின்னறைதான் உலகம். அங்கே கம்பிக் கூண்டுகளில் வளர்ப்புச் சுண்டெலிகள்: வெள்ளை, சாம்பல், புள்ளி போட்டவை. தெருப்பிள்ளைகளுக்கு இவர் 'எலியக்கா'. அந்தப் பெயரில் இவருக்கு ஏகப்பட்ட பெருமை.

உணவில் மட்டும் தாட்சண்யம் கிடையாது. சூல் கொள்ளும்வரை பெண் எலிக்கு அளவான ஓட்ஸும் தீவனக் குச்சியும். குட்டி ஈன்றபின் புரதமும் கொழுப்புமாக விருந்து. முறை மாறினால் உடம்பு ஊதுமே தவிர, வயிறு திறக்காது என்பது இவர் கட்சி. புதிய தீவனத்தைப் பழையதோடு கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்தே பழக்குவார். திடீரென்று மாற்றினால் எலிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவரின் கையிலேயே சந்தன நிறத்துப் பெண் எலி ஒருத்தி சூல் கொள்ளாமல் நாள் கடத்தினாள். அந்த நிறத்தில் எஞ்சியவள் அவள்தான், வயதும் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தார். சமையலறைத் தராசில் ஏற்றும்போதெல்லாம் அவள் முன்னிலும் கனத்தாள். "காத்தைக் குடிச்சே குண்டாகிறாளா இவ?"

விடை கூட்டுக்குள் கிடந்தது: சூரியகாந்தி விதைத் தோல். துவைப்பதற்காகக் கணவரின் சட்டைப் பையை உதறியபோது அதே தோல் அங்கிருந்தும் உதிர்ந்தது.

பேருந்து ஓட்டுநரான கணவர் மழுப்பவில்லை. "பாவம், என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. மனசு கேக்கல."

"உங்க பாவத்துல அவ வம்சமே அத்துப்போயிடும்ங்க."

"என்னையும் இப்படிக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்திருந்தா எனக்குத் தொப்பை விழுந்திருக்குமா?"

"உங்களை யாரு குட்டி போடச் சொன்னா?"

இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஆனாலும் பின்னறைச் சாவி அன்றே இவர் இடுப்புக்கு ஏறியது. சந்தனக்காரி மெல்ல இளைத்தாள், சாம்பல் நிறத்தவன் ஒருவனை அவளோடு விட்டார், அவள் சூலும் கொண்டாள்.

இன்று காலை கூட்டுப் பஞ்சை விலக்கினார். உள்ளே சிவந்த குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. கண்ணாடி போன்ற தோலுக்கடியில், ஒவ்வொரு வயிற்றிலும் வெள்ளையாக ஒரு பொட்டு: குடித்த பால்.

"குடிச்சிருக்குதுங்க. எல்லாமே குடிச்சிருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு வந்தார். கணவர் சாப்பிட உட்கார்ந்து, அவித்த முட்டையை இரண்டாக வெட்டி மிளகுத்தூளைத் தூவி முடித்திருந்தார். அவர் தட்டிலிருந்து ஒரு பாதியைச் சந்தனக்காரியின் விருந்துக்கு இவர் எடுத்துக்கொண்டார். பிறகு பல் செட்டுக்கு மெருகேற்றும் மெல்லிய தூரிகையைத் தேடி எடுத்து, மஞ்சள் கருவில் ஒட்டியிருந்த மிளகை, ஒரு துகளும் மிஞ்சாதபடி, மெதுவாகத் துடைக்கத் தொடங்கினார்.