ஓரகத்தி மருமகள் திறந்த பெட்டி

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இருந்தாலும் வில்லாபுரத்தில் நான் பார்த்துச் சொன்ன வரன் ஒன்றுகூடச் சோடை போனதில்லை. வரன் தேடும் வீடுகளின் ஜாதகத்தையெல்லாம் என் மகன் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தான். பழைய நோட்டுகளைக் கரையான் தின்ற பிறகு அந்தப் பெட்டிதான் எனக்கு எல்லாம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வந்த மகன், பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கிறேன் என்று எதையோ ஓடவிட்டுவிட்டுப் பொரி வாங்கப் போனான். பூஜை போடும் பொருள் ஓடக்கூடாது அல்லவா? சுவிட்சை அணைத்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினேன். அவன் வந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பெட்டிப் பக்கம் போகாமலே பெங்களூர் கிளம்பிவிட்டான்.

மறுநாள் விஜயதசமி. நாலு மணிக்குத் திருமங்கலத்திலிருந்து மூன்று குடும்பம் ஜாதகம் வாங்க வருவதாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து சுவிட்சைப் போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சுண்டல் கொடுக்க, கொழுந்தன் பெண்டாட்டியான என் ஓரகத்தி வந்தாள். விஷயம் தெரிந்ததும், “எம் மருமகளக் கூட்டிட்டு வாரேங்க்கா” என்று கிளம்பிவிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் ஜாதகம் முதலில் என் மகனுக்குத்தான் வந்தது. நாகமலை புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தவள் வீட்டுக்கு அடங்கமாட்டாள் என்று தள்ளியது நான். தள்ளியதை எடுத்துக்கொண்டவள் ஓரகத்தி.

மருமகள் வந்து ஒரு சிடியைப் போட்டுப் பார்த்தாள். “பெரியத்தே, எழுதுனதெல்லாம் உள்ளதான் இருக்கும். எந்தப் பகுதி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு ஒரு அட்டவணை உண்டு. அதுதான் கெட்டுருக்கு. டிஸ்க்கப் பிரிக்கும்போது பாதியில நின்னுச்சா?”

“கரண்டு போயிருச்சும்மா” என்றேன்.

“நேத்து எங்கக்கா கரண்டு போச்சு? நான் டிவியில பட்டிமன்றம் பாத்துக்கிட்டுல்ல இருந்தேன்” என்றாள் ஓரகத்தி. “ஒங்க வீட்டுக்கு மட்டும் தனியாப் போயிருக்கும்போல.”

மருமகள் சிரிக்கவில்லை. அந்த அடக்கமும் எனக்குப் பொறுக்கவில்லை.

“ரொம்ப நேரம் ஓடியிருந்தா உள்ள இருக்கிறத இடம் மாத்த ஆரம்பிச்சிருக்கும் பெரியத்தே. அப்பப் பழைய எல்லையவே போட்டா இருக்கிறதும் போயிரும். எம்புட்டு நேரம் ஓடுச்சுன்னு தெரியாம நான் கை வைக்கமாட்டேன்.”

மணி மூன்றாகிவிட்டது. ஓரகத்தியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: “நாந்தான் அணைச்சேன், சூடம் காட்டணும்னு. அவன் தெருமுனையத் தாண்டியிருக்கமாட்டான்.”

“அப்பத் தப்பிச்சோம்” என்றாள் மருமகள். பழைய எல்லைகளைத் தேடவிட்டாள். ஒரு பட்டியல் ஓடி நின்றது. இரண்டு முறை விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே அட்டவணையைத் திரும்ப எழுதினாள். பெட்டி கிளம்பியது. ஜாதகம் ஒன்றுகூடக் குறையவில்லை.

“இதெல்லாம் எம் மருமகளுக்கு ஒரு வேலையே இல்லக்கா” என்று ஓரகத்தி அவள் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள். நான் காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திருமங்கலத்துக்காரர்கள் வந்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார்கள். மகன் போன் செய்து பெட்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டான். “நல்லா ஓடுதுய்யா” என்றேன். யார் சரிசெய்தது என்று இதுவரை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், “இவளையாம்மா வேணாம்னு சொன்ன?” என்று கேட்டுவிடுவான்.