வெளிவராத இரண்டு படங்கள்

நடிகர் குடும்பத்தில் பிறந்த ஓர் இந்தி நடிகையைப் பற்றி எங்கள் துபாய்த் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதினேன். படங்கள் வெளியான தேதிகளை ஒரு நோட்டில் குறித்துவைப்பவன் நான். அந்த நோட்டை நம்பி, ‘நடிக்க வந்து மூன்று வருடம் சும்மா இருந்தவருக்கு அப்பா பெயரால் முதல் படம் கிடைத்தது’ என்று எழுதிவிட்டேன்.

அச்சுக்கு அனுப்புமுன், பர் துபாயில் தையல்கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாயிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் முன்பு மும்பையில் சினிமாவுக்குத் தைத்தவர்.

“சும்மாவா? அப்ப ரெண்டு படத்துக்கு அந்தப் பொண்ணுக்கு நான்தானே சார் தைச்சேன்! காய்ச்சலோட வந்து ஆடிச்சு. ரெண்டும் பாதியில நின்னுபோச்சு.”

“என் நோட்டுல இல்லியே, பாய்.”

“வெளிவராத படத்துக்குத் தேதி ஏது சார்? அதுக்காக உழைச்சது பொய்யாயிடுமா?”

அந்த வரியை அங்கேயே அடித்தேன். விசிட் விசாவில் வேலை தேடி அலைந்த மாதங்கள் என் பயோடேட்டாவிலும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.